காலி பாட்டில் சேகரிக்கும் இடம்
இரண்டு படங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

டாஸ்மாக் கடையை ஒட்டிய பாருக்கு டெண்டர் விடும்போது அரசு பயன்படுத்தும் வாசகம் கவனிக்கத்தக்கது. தின்பண்டங்கள் விற்கவும் காலி பாட்டில்களைச் சேகரிக்கவும் வழங்கப்படும் உரிமம் என்பதே அது. அந்த வாசகத்தில் மிக்சர் இருக்கிறது, அவித்த முட்டை இருக்கிறது, காலி பாட்டில் இருக்கிறது. பாட்டிலைக் காலி செய்த ஆள் இல்லை. வாக்கியத்தின் நடுவிலிருந்து ஒரு மனிதனை அலுங்காமல் உருவி எடுத்திருக்கிறார்கள். இலக்கணம் படித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், எழுவாய் மறைந்து நிற்கும் வாக்கியங்களில் இதைவிடத் தேர்ந்த ஒன்றை நான் எந்தச் செய்யுளிலும் கண்டதில்லை.

1983இல் மொத்த விற்பனைக்காக உருவாக்கப்பட்ட டாஸ்மாக், 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் முழுவதுமாகத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதுமுதல் சீசாவை விற்பதும் அரசு, அந்தச் சீசாவின் மேல் மது கேடு என்று அச்சிடச் சொல்வதும் அரசு. தினசரிகளோ கடை வாசலில் வரிசையில் நிற்பவர்களைக் ‘குடிமகன்கள்’ என்று எழுதிச் சிரிக்கின்றன. சிலேடை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் கூலிக்காரன் ஒருவன் பத்திரிகையில் குடிமகன் என்று அழைக்கப்படுவது இந்த ஒரு வரிசையில் நிற்கும்போதுதான், அதுவும் கேலியாகத்தான் என்பதை நாம் யோசிப்பதில்லை.

ஆவணப்படம் உண்மை, கதைப்படம் கற்பனை என்ற பழைய பிரிவினை இங்கே உதவாது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம். அரசின் ஆவணமே புனைவாக இருக்கிற ஒரு இடத்தைப் படம்பிடிக்கப் போகிறவன் எதை ஆவணப்படுத்துவான்? இந்தக் கேள்வியோடு இரண்டு படங்களைச் சேர்த்து வாசிக்க விரும்புகிறேன். ஒன்று, கோவைப் பக்கத்து மதுக்கடையின் வாழ்க்கையை வைத்துக் கமலக்கண்ணன் இயக்கிய ‘மதுபானக் கடை’ (2012). மற்றது, பில் ராஸ், டர்னர் ராஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் எடுத்த ‘ப்ளடி நோஸ், எம்ப்ட்டி பாக்கெட்ஸ்’ (2020). தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘ரத்தம் ஒழுகும் மூக்கு, காலிச் சட்டைப்பை’ என்று வரும். சனிக்கிழமை வாரக்கூலி வாங்கியவனின் ஞாயிற்றுக்கிழமைக் காலையை நம் ஊரிலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

2

அமெரிக்கப் படம் இப்படிப் போகிறது. லாஸ் வேகாஸ் நகரத்தின் ஒதுக்குப்புறத்தில் ‘ரோரிங் டுவென்ட்டீஸ்’ என்று ஒரு மதுக்கடை. இன்றோடு அதை மூடப்போகிறார்கள். தினமும் அங்கே வந்து உட்காரும் கிழவர்கள், முன்னாள் ராணுவ வீரர், வேலையற்றவர்கள், பெண்கள் எல்லோரும் கடைசி முறையாகக் கூடுகிறார்கள். குடிக்கிறார்கள், பாடுகிறார்கள், சண்டைக்குப் போகிறார்கள், கட்டிப்பிடித்து அழுகிறார்கள். விடிகிறது. கலைந்து போகிறார்கள். அவ்வளவுதான் படம்.

இதில் எது நிஜம்? அந்தக் கடை லாஸ் வேகாஸில் இல்லை. படம்பிடிக்கப்பட்டது பல நூறு மைல்களுக்கு அப்பால் நியூ ஆர்லியன்ஸ் பக்கத்தில் உள்ள ஒரு மதுக்கடையில். அங்கே கூடியவர்கள் ஒருவருக்கொருவர் பழைய சிநேகிதர்களும் அல்லர், இயக்குநர்கள் பல கடைகளில் தேடிப் பொறுக்கி எடுத்துச் சேர்த்தவர்கள். ‘கடைசி நாள்’ என்பதும் ஜோடனை. ஆனால் குடி நிஜம், போதை நிஜம், மணிக்கணக்காகத் தொடர்ந்த பேச்சு நிஜம். எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. இப்படிப்பட்ட ஒரு படம் 2020 சண்டான்ஸ் விழாவில் ஆவணப்படப் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டதும், இது ஆவணம்தானா என்று விமர்சகர்கள் மல்லுக்கு நின்றார்கள்.

எனக்கு அந்தச் சண்டையில் பெரிய ருசி இல்லை. படத்தைச் சென்னிமலையில் சில நண்பர்களோடு சேர்ந்து பார்த்தபோது, கைத்தறியில் போர்வை நெய்கிற அண்ணன் ஒருத்தர் கேட்டதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. “ஏனுங்க, இவிங்க நெசமாலுமே குடிக்கறாங்ளா, நடிக்கறாங்ளா?” நெசமாகவே குடித்துவிட்டுத்தான் நடிக்கிறார்கள் என்று சொன்னேன். “அதுல என்னங்க புதுசு? நம்மாளு பார்ல குடிச்சவனாட்ட நடிக்கறான், ஊட்டுக்குப் போனாக் குடிக்காதவனாட்ட நடிக்கறான். ரெண்டும் சேந்ததுதானுங்க குடி” என்றார். ஆவணத்துக்கும் புனைவுக்கும் இடையிலான கோடு இயக்குநர் போடுவதற்கு முன்பே குடிப்பவனின் உடம்புக்குள் அழிந்து கிடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. அந்தச் சகோதரர்கள் செய்ததெல்லாம் ஏற்கனவே நடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு மேடை போட்டுக் கொடுத்ததுதான்.

அந்த மேடையில் மைக்கேல் என்று ஒரு மனிதர் வருகிறார். மேடை நாடகங்களில் நடித்தவர். படத்தில் அந்தக் கடையிலேயே படுத்து எழுந்து, அங்கேயே முகச்சவரமும் செய்துகொள்கிறார். தான் முதலில் தோற்றுப் போனதாகவும் பிறகுதான் குடிகாரனானதாகவும், அந்த வரிசைக்கிரமம் தனக்குப் பெருமை என்றும் சொல்கிறார். குடியால் கெட்டான் என்ற நமது நீதிக்கதையை இந்த ஒரு பேச்சு தலைகீழாகப் புரட்டிவிடுகிறது. கெட்டது முதலில், குடி பிறகு. அதே மனிதர் ஒரு இளைஞனைப் பார்த்து, ஒரு காலத்தில் ஏதோ செய்துகொண்டிருந்துவிட்டு இப்போது பாரில் உட்கார்ந்திருப்பவனைப் போலச் சலிப்பூட்டும் பிராணி வேறில்லை, போய்விடு என்கிறார். உபதேசம் செய்ய வெளியிலிருந்து யாரும் வரவில்லை. குடிப்பவன் தன்னைத்தானே அறிந்திருக்கிறான். அந்த அறிவு அவனைக் காப்பாற்றவில்லை என்பதுதான் விஷயம்.

இந்தப் படத்தின் மேல் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. குடியில் மாட்டிக்கொண்டவர்களைக் கூட்டி வைத்து, கேமராவுக்காகக் குடிக்க விட்டு, அவர்கள் உடைந்து அழும் கணத்துக்காகக் காத்திருப்பது என்ன அறம்? வந்தவர்கள் சம்மதித்துத்தான் வந்தார்கள் என்று பதில் சொல்லலாம். வரிசையில் நிற்பவனும் சம்மதித்துத்தான் நிற்கிறான் என்று நமது அரசும் சொல்லும். ஊற்றிக் கொடுப்பவன் தன் கையை மறைத்துக்கொண்டு, குடித்தவனின் கண்ணீரை மட்டும் காட்டும் இடத்தில் கலைஞனும் அதிகாரியும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள்.

3

‘மதுபானக் கடை’ ஒரு டாஸ்மாக் பாருக்குள் நடக்கிறது. வழக்கமான பொருளில் கதை கிடையாது. தெரிந்த நட்சத்திரம் கிடையாது. வருகிறவர்கள், போகிறவர்கள், அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்து மேசை துடைக்கிறவர்கள், அவர்களுடைய பேச்சு, பாட்டு, சச்சரவு. தமிழ் சினிமாவில் அதுவரை மதுக்கடை என்பது காதலில் தோற்ற கதாநாயகன் வந்து பாட்டுப் பாடும் இடம், அல்லது நகைச்சுவை நடிகர் அடி வாங்கும் இடம். இரண்டு விதத்திலும் பார் என்பது ஒரு இடைவேளை. கதை வெளியே நிற்கும், உள்ளே வந்தவன் குடித்து முடித்ததும் மறுபடி கூட்டிக்கொண்டு போகும். கமலக்கண்ணன் செய்த காரியம், வெளியே நிற்கும் அந்தக் கதையைத் துரத்திவிட்டது.

அமெரிக்கப் படத்தைப் போல இது குடிகாரர்களைக் கூட்டி வைத்து எடுத்த படமல்ல. எழுதி, நடித்து எடுத்த கதைப்படம்தான். ஆனால் அதன் ஆவணத் தன்மை வேறு இடத்தில் இருக்கிறது. முகங்களில் இருக்கிறது. கவிஞர் என்.டி. ராஜ்குமார் இதில் ‘பெட்டிஷன் மணி’ என்ற பாத்திரமாக வருகிறார். விளிம்பிலிருந்து எழுதிய ஒரு கவிஞனின் உடம்பும் குரலும் அந்த நாற்காலியில் வந்து உட்காரும்போது, அதை நடிப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியவில்லை. ராமனும் அனுமனுமாக வேஷம் கட்டிப் பிழைப்பவர்கள் அந்த வேஷத்தோடே குடிக்க வருகிறார்கள். புனைவு உடுத்திக்கொண்டு நிஜமாகத் தாகத்தோடு வருகிறவர்கள். படத்தின் முறை முழுவதும் அந்த வேஷத்தில் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது.

பெட்டிஷன் மணி என்ற பெயரைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இந்த நாட்டில் ஏழைக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே இலக்கிய வகை மனு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். பட்டா கேட்டு மனு, உதவித்தொகை கேட்டு மனு, சாராயக்கடையை எடு என்று பெண்கள் தரும் மனு. அந்த மனுவின் மொழி ஒரு குடிகாரனின் பெயரோடு ஒட்டிக்கொண்டு பாருக்குள் வந்து உட்காரும்போது, உரிமத்தின் வாசகத்தில் விடுபட்ட எழுவாய் திரும்பி வருகிறது. குடிமகன் என்ற சொல் கேலியிலிருந்து விடுபட்டுத் தன் பழைய பொருளைக் கேட்கிறது.

துப்புரவுத் தொழிலாளர்களும் அந்தக் கடைக்கு வருகிறார்கள். இங்கே நான் இன்னொரு படத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலக்குழி வேலை பற்றித் திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படம். அந்த வேலைக்குள் இறங்குவதற்குக் குடி எப்படி ஒரு கருவி ஆகிறது என்பது இந்தத் தொழிலாளர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்குத் தெரியும். கடப்பாரை போல, கயிறு போல, குவார்ட்டரும் ஒரு கருவி. கையுறை கொடுக்காத நிர்வாகம் அதையும் தன் செலவில் கொடுப்பதில்லை, அவனே கூலியில் வாங்கிக்கொள்ள வேண்டும். கதைப்படம் முன்கூட்டிக் காட்டியதையும் ஆவணப்படம் பின்னால் வந்து காட்டியதையும் பக்கத்தில் வைத்தால், எது சாட்சி எது கற்பனை என்ற கேள்வி அற்பமாகிப் போகிறது.

குறையும் சொல்ல வேண்டும். நமது முற்போக்குக் கலையின் பழைய வியாதி இந்தப் படத்தையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொருவரும் தான் ஏன் குடிக்கிறேன் என்பதற்குச் சமூகக் காரணம் ஒன்றைக் கையோடு கொண்டு வருகிறார்கள். தொழிலாளி தொழிலாளியின் பிரதிநிதியாகப் பேசுகிறான். சும்மா உளறுவதற்கு அவனுக்கு உரிமை குறைவு. ராஸ் சகோதரர்களின் படத்தில் மனிதர்கள் மணிக்கணக்காக அர்த்தமில்லாமல் பேசுகிறார்கள், அந்த அர்த்தமின்மைக்கு இடையில் ஒரு வாக்கியம் வந்து நெஞ்சில் குத்துகிறது. நம் குடிகாரன் மட்டும் மன்னிப்புப் பெறுவதற்காகத் தன் வாக்குமூலத்தை ஒழுங்காகச் சொல்லியாக வேண்டுமா? இதுவும் ஒரு மனுதான்.

4

பாரில் சாதி இல்லை என்று நம் ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கவுண்டரும் அருந்ததியரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து குடிக்கிறார்கள், டாஸ்மாக் செய்த சமூகப் புரட்சி இது, என்று பாதிக் கிண்டலாகவும் பாதி நிஜமாகவும் சொல்வார்கள். கட்டிங் போடுகிற வழக்கத்தையும் உதாரணம் காட்டுவார்கள். ஒரு குவார்ட்டருக்குக் காசு பற்றாதவன் இன்னொரு பற்றாதவனைத் தேடிப் பிடித்து, 180 மில்லியைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வது. பேர் தெரியாது, ஊர் தெரியாது. பெருந்துறை சிப்காட்டில் வேலை செய்யும் ஒடிசாக்காரப் பையனும் இங்கத்து நெசவாளியும் பாஷை தெரியாமலே விரலைக் காட்டிக் கூட்டுச் சேர்ந்துகொள்ளலாம்.

இந்தச் சமத்துவத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கொங்கு நாட்டு டீக்கடைகளில் இரட்டைக் குவளை முறையை எதிர்த்து அம்பேத்கரிய, பெரியாரிய அமைப்புகள் எத்தனை போராட்டம் நடத்தியிருக்கின்றன என்பது இதை வாசிக்கும் தோழர்களுக்குத் தெரியும். டீக்கடையில் பிரச்சினையே கண்ணாடி டம்ளர்தான். ஒருவன் வாய் வைத்ததைக் கழுவி இன்னொருவனுக்குத் தர வேண்டும். பாரில் அந்தப் பிரச்சினை எழவே வாய்ப்பில்லை. அங்கே இருப்பது பிளாஸ்டிக் டம்ளர். ஒருவன் குடித்ததும் கசக்கி எறியப்படும். 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த பிறகும் அது பாரை விட்டுப் போகவில்லை. ஆக, பாரில் சாதி ஒழியவில்லை. டம்ளர் ஒழிகிறது. தீட்டு என்ற கேள்வியை எதிர்கொள்ளாமலே தாண்டிப் போக ஒரு வழி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். தோளில் கை போட்டுக் கட்டிங் அடித்தவர்கள் பாரின் வாசலைத் தாண்டியதும் அவரவர் தெருவுக்குப் போகிறார்கள். மறுநாள் காலையில் டீக்கடையில் ஒருவன் உட்கார, ஒருவன் நிற்க நேர்ந்தால் நேற்றைய சிநேகம் சாட்சிக்கு வராது.

அமெரிக்கப் படத்திலும் இதுதான் உள்ளே ஓடுகிறது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் சாய்ந்து நிற்கிறார்கள். இதுதான் என் குடும்பம் என்ற உருக்கம் வருகிறது. நான் உனக்கு ஒரு மதுக்கடையில் தெரிந்தவன், அவ்வளவுதான் என்கிற குரலும் அதே இரவில் வருகிறது. கூடி நடிக்கப்பட்ட ஒரு குடும்பம், விடிந்தால் இல்லை. ஆனால் நடிக்கவாவது ஒரு குடும்பம் தேவைப்பட்டது என்பதைப் பொய் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

ஒரு வித்தியாசம் மிஞ்சுகிறது. அங்கே பெண்கள் குடிக்கிறார்கள், ஊற்றிக் கொடுக்கிறார்கள், கிழவர்களை அதட்டுகிறார்கள். நம் பாரில் பெண் இருந்தால் பாத்திரம் கழுவுகிறவளாக, பாட்டில் பொறுக்குகிறவளாக இருப்பாள். தமிழ் எம்.ஏ. வகுப்பில் புறநானூறு நடத்துகிறவர்கள், அதியமானுக்காக ஒளவை அழும் கையறுநிலைப் பாட்டில் கள் வரும் இடத்தை ‘அக்கால வழக்கம்’ என்று சொல்லி வேகமாகக் கடந்துவிடுவார்கள். கள் கொஞ்சமாக இருந்தால் தனக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் தான் பாட அவன் மகிழ்ந்து குடிப்பான் என்று ஒரு பெண், சேர்ந்து குடித்தவனை நினைத்து அழுகிறாள். தகடூர் இங்கிருந்து ரொம்ப தூரமில்லை. குடியின் தோழமை ஆணுக்கு மட்டும் உரியது என்பது எப்போதிலிருந்து இயற்கையாயிற்று?

5

‘கடைசி நாள்’ என்ற விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கப் படம் முழுவதும் ஒரு கடை மூடப்படுவதற்கான ஒப்பாரி. நமக்கோ கடையை மூடுவது கோரிக்கை, வெற்றி. இந்த மண்ணுக்கு இதில் நீண்ட சரித்திரம் இருக்கிறது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் நின்றார்கள். பெரியார் தன் தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார். 1937இல் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது பக்கத்துச் சேலம் மாவட்டத்தில். 1971இல் விலக்கு தளர்ந்தது, 1974இல் மறுபடி வந்தது, 1981இல் மறுபடி போனது. 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. சீமைச் சரக்கு அரசாங்கத்துக்கு, பனையும் தென்னையும் குற்றத்துக்கு, என்று கொங்கு விவசாயிகள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

2015 ஜூலையில் காந்தியவாதி சசிபெருமாள் செல்போன் கோபுரத்தின் மேல் போராடி உயிர் விட்டார். அந்த ஆண்டு அக்டோபரில் மதுக்கடையை எதிர்த்துப் பாடியதற்காகப் பாடகர் கோவன் மேல் ராஜத்துரோக வழக்குப் போட்டார்கள். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையோரக் கடைகளை எடுக்கச் சொன்னதும், கடைகள் ஊருக்குள் நுழைந்தன. பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் பக்கம் சாமளாபுரத்தில் கடையை எதிர்த்து நின்ற ஒரு பெண்ணைப் போலீஸ் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்தார். சில விநாடிகளே ஓடும் அந்தப் பதிவுதான் கொங்கு நாட்டில் டாஸ்மாக் பற்றி எடுக்கப்பட்ட ஆகச் சிறந்த ஆவணப்படம் என்பேன். அதில் ஜோடனை இல்லை. கடையின் முதலாளி யார் என்பதை அது ஒரே அறையில் சொல்லிவிட்டது.

அந்தப் பெண்களின் பக்கம்தான் நான் நிற்கிறேன். இதில் எனக்குக் குழப்பமில்லை. வாரக்கூலி வீட்டுக்கு வராத சனிக்கிழமை ராத்திரி என்னவென்று தறிக்குழி இருக்கும் வீடுகளுக்குத் தெரியும். இந்த இரண்டு படங்களிலும் அந்த வீடு இல்லை, கேமரா பாரை விட்டு அந்தப் பக்கம் போகவில்லை. அது இரண்டின் எல்லை.

ஆனால் அந்த எல்லைக்குள் இவை செய்கிற ஒன்றை நம் இயக்கங்கள் செய்யவில்லை. 2016இல் 500 கடை, 2017இல் 500 கடை, 2023 ஜூனில் 500 கடை என்று மூடப்பட்டபோது நாம் எண்ணிக்கையைக் கொண்டாடினோம், போதாது என்று கண்டித்தோம். மூடிய கடையின் முன்னால் மறுநாள் பகல் 12 மணிக்கு வந்து நின்றவனிடம் யாராவது பேசினோமா? அவன் அடுத்த கடைக்கு எத்தனை மைல் நடந்தான், யாரோடு கட்டிங் போட்டான், இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்தவனை இழந்தானா, இல்லை நிம்மதியாக வீட்டுக்குத்தான் போனானா, எதுவும் நமக்குத் தெரியாது. நம் மேடைப் பேச்சில் அவன் ‘சீரழிந்த குடும்பத் தலைவன்’, அல்லது ‘அரசால் வஞ்சிக்கப்பட்ட உழைப்பாளி’. ஒன்றில் குற்றவாளி, மற்றதில் பலி. இரண்டிலும் வாய் இல்லை.

ராஸ் சகோதரர்கள் பொய்யான ஒரு கடையைக் கட்டி நிஜமான வாய்களைத் திறந்தார்கள். கமலக்கண்ணன் நிஜமான கடையைத் திரும்பக் கட்டி, எழுதப்பட்ட வாய்களைத் திறந்தார். இனி எடுக்கப்பட வேண்டிய படம் கடை மூடிய மறுநாளைப் பற்றியது. பாரில் உட்கார்ந்தவனையும் அவன் வீட்டில் காத்திருந்தவளையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்து இருவரையும் பேச விடுகிற படம். அது ஆவணமா புனைவா என்று நான் கேட்கப் போவதில்லை. உரிமத்தின் வாசகத்தில் விடுபட்டுப்போன அந்த ஆள் நம் துண்டுப் பிரசுரங்களிலும் விடுபட்டுத்தான் கிடக்கிறான். காலி பாட்டில்களை அரசு எண்ணுகிறது, மூடிய கடைகளை நாம் எண்ணுகிறோம்.